மாசமாயிருக்கிறவளுக்குக் கட்டில்

இரண்டு கட்டில்கள் கால்களை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வெயிலில் கிடந்தன.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் ரேவதி வீட்டுக்கும் சேர்த்து ஒரே பின்பக்கம். ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், ரேவதி வைத்த நாலைந்து கத்திரிச் செடிகள். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுக் கட்டில்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். என் கணவர் கணேசனும் ரேவதியின் கணவர் பாபுவும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியில் மருந்து கலக்கினார்கள். ஒரே ஃபாக்டரி, ஒரே ஷிப்ட், ஒரே மாதிரி துண்டு. கண்ணை மட்டும் பார்த்தால் யார் யாரென்று தெரியாது.

பாட்டிலிலிருந்து விழும்போது மருந்து தேன் நிறத்தில் இருந்தது. தண்ணீரைத் தொட்டதும் பாலாக வெளுத்தது. அவ்வளவு சுத்தமான வெள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நானும் ரேவதியும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, மிளகாய்த்தூள் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு ஐந்தாம் மாதம். அவளுக்கும் ஐந்தாம் மாதம்.

மழை சரியாகப் பெய்யாத ஒரு வருஷம் அது.

ஜோடிக் கட்டில்

அந்தக் கட்டில்கள் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் கட்டில் என்பது இடத்தை அடைக்கிற சாமான். எல்லோரும் பாயில்தான் படுப்போம். ஆனால் ஒரு வீட்டில் மருமகள் உண்டாகிவிட்டாள் என்றால் அந்த வாரமே கட்டில் தேடுவார்கள். எங்கள் வரிசையில் அது எழுதாத சட்டம். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்திருந்த என் மாமியாருக்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. “வாயும் வயிறுமா இருக்கவ தரையில கெடக்கலாமா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். மறுநாள் கணேசன் கிளம்பிவிட்டார்.

ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன ஒரு குடும்பம் தேக்குக் கட்டில் இரண்டை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம், ஒன்றை பாபு எடுத்துக்கொண்டார். கூடவே மூட்டைப்பூச்சியும் வந்தது, இரண்டு வீட்டுக்கும் பாரபட்சம் இல்லாமல்.

மளிகைக் கடையில் விற்கிற ஸ்ப்ரேக்கு அது சாகாது என்று குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். வயலுக்கு அடிக்கிற மருந்துதான் கேட்கும். திருமழிசைப் பக்கம் உரக்கடையில் யார் கேட்டாலும் கொடுத்தார்கள். பாபு ஒரு பாட்டில் வாங்கிவந்தார். ஒரு பாட்டில், இரண்டு வீடு.

“கத்திரிக்காய்ல கீற புழுவே சாவுது அண்ணி. கட்டில்ல கீறது எம்மாத்திரம்?” என்று துண்டுக்குள்ளிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் மூட்டு மூட்டாக ஊட்டினார்கள். இடுக்குகளிலிருந்து பூச்சிகள் குடித்தவர்கள் போலத் தள்ளாடி வந்தன. ரேவதி கைகொட்டிச் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. கட்டிலைத் தூக்கி உள்ளே போட்டு, மேலே மாமியாரின் நல்ல ஜமுக்காளத்தை விரித்தார்கள்.

மாமியார் தரையில், கணவர் தரையில், கட்டிலில் நான். மண்ணெண்ணெயில் பூண்டு அழுகியது போல ஒரு வாசனை. மரத்தோடு கன்னத்தை வைத்துப் படுத்தேன். ஒரு கடியும் இல்லை. வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த வீட்டில் யார் மேல் எல்லோருக்கும் அக்கறையோ, அவளைத்தான் மருந்துக்கு மிகப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள்.

அம்மா வீடு பக்கத்தில் உள்ளவள்

மறுநாள் காலையில் ரேவதியின் அம்மா திருநின்றவூரிலிருந்து ஆட்டோவில் வந்தார். மகளைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள வேண்டுமாம். ரேவதி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆட்டோ போன பிறகும் அதன் புகை தெருவில் நின்றது. நானும் நின்றேன். அப்புறம் கணேசனோடு செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

என் அம்மா ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தார். நினைத்தால் வந்து இறங்கக்கூடிய அம்மா அவளுக்கு, நினைத்தால் அழக்கூடிய அம்மா எனக்கு.

நான் பொறாமைக்காரி. பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நாலாம் வகுப்பில் முன்பெஞ்சுக்காரியின் குண்டு குண்டான கையெழுத்தில் ஆரம்பித்தது. அப்புறம் நீளமான பின்னல், நல்ல வேகத்தில் தண்ணீர் வரும் குழாய், கிழக்குப் பார்த்த ஜன்னல், பிறர் எழுதிய ஒரு வரி. சிலருக்கு மழைக்கு முன்னால் மூட்டு வலிப்பது போல, பிறர் வீட்டில் நல்லது நடக்கப்போகிறது என்றால் எனக்கு நெஞ்சின் இடதுபக்கம் முன்கூட்டியே வலிக்கும்.

ஆனால் அதெல்லாம் விளையாட்டுப் பொறாமை. நிஜமானது பிறகு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்

எனக்குக் கதிர் பிறந்தான். சில நாள் இடைவெளியில் ரேவதிக்குத் தேன்மொழி.

பெயரிலேயே மொழியை வைத்துவிட்டாள் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அப்போது நினைக்கவில்லை. அப்போது இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி அழுதன, ஒரே மாதிரி பால் கக்கின.

குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் நான் என் அடுப்பை அணைப்பேன். அந்தச் சுவர் வழியாகத்தான் தேன்மொழி வளர்ந்தாள். முதலில் ஓசை, அப்புறம் ஓசையில் ஒரு வளைவு, அப்புறம் சொல். காக்கா. தண்ணி. வேணாம். அவள் ‘வேணாம்’ சொல்லக் கற்றுக்கொண்ட அன்று நாள் முழுக்கச் சொன்னாள். ஒரு குழந்தை இத்தனை விஷயத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று நான் சுவரில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் கதிர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். திறந்த குழாய்க்குத் திரும்புவான்.

ரேவதி வருவதைக் குறைத்தாள். அப்புறம் நிறுத்தினாள். பேசுகிற பிள்ளையைப் பெற்றவளின் மிதப்பு என்று நான் முடிவுகட்டினேன். பிறகு அவர்கள் குமணன்சாவடியில் மனை வாங்கி வீடு கட்டிப் போனார்கள். நாங்கள் மண்ணூர்பேட்டையில் லோன் போட்டு ஃபிளாட் வாங்கினோம்.

கதிர் இன்றுவரை வார்த்தையால் பேசவில்லை. மூக்கால் பேசுகிறான். எதையும் முகர்ந்த பிறகுதான் தொடுவான். எந்த ஃபிளாட்டில் என்ன குழம்பு என்று அவனுக்குத் தெரியும். பிடித்த குழம்பு என்றால் லிஃப்ட் அந்த மாடியில் நின்றதும் இறங்கிவிடுவான். பலாப்பழக் கடையில் அவன் எந்தப் பழத்தின் முன்னால் நிற்கிறானோ அதைத்தான் வாங்குவோம். தப்பியதே இல்லை.

மனுஷர்களில் என் மணிக்கட்டை மட்டும் முகர்வான். தினமும் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும் கையைப் பிடித்து, உள்பக்கத்தில் மூக்கை வைத்து, கொஞ்ச நேரம் நிற்பான். அவன் அப்பாவுக்குக்கூட அது கிடைத்ததில்லை.

ஆளுக்கொரு காரணம்

தெரபி சென்டரில் அம்மாக்கள் உட்காரும் பெஞ்சு ஒன்று உண்டு. அங்கே ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். ஒருத்திக்குச் சொந்தத்தில் செய்த கல்யாணம். ஒருத்திக்கு மொட்டைமாடியில் நின்ற செல்போன் டவர். இன்னொருத்தி மாமியாரின் வாய் என்பாள். காரணம் இல்லாதவள் அந்தப் பெஞ்சில் ஏழை.

என்னிடம் பாட்டில் இருந்தது.

செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். பூச்சிமருந்து தெளிக்கும் வயல்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் சொல்வதைப் பார்த்தேன். அந்த மருந்துகளில் பல, பூச்சியின் நரம்பைப் பிடித்துத்தான் கொல்கின்றன என்றும் படித்தேன். எனக்குள்ளே அப்போது ஒரு பிள்ளைக்கு நரம்பு நெய்யப்பட்டுக்கொண்டிருந்தது. நான் மரத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கதிரைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் என் கட்டில் கதையைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். இது ஒரே காரணத்தால் வருவதில்லை என்றார். பிறவியிலேயே அமைந்த கூறுகளுக்குத்தான் பெரிய பங்கு, பூச்சிமருந்தின் மேல் சந்தேகம் இருக்கிறது, அது ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற சந்தேகம் என்றார்.

“உங்க பையனுக்கு அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. மாசமா இருக்கிறவங்க அது பக்கத்துல போகாம இருக்கணும், அது மட்டும் நிச்சயமா சொல்வேன்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒரே பாட்டில், ஒரே மாதம், ஜோடிக் கட்டில். ஒருத்தி அதில் படுத்தாள். இன்னொருத்தியை மறுநாளே அம்மா வந்து கூட்டிப்போய்விட்டார். படுத்தவள் பிள்ளை பேசவில்லை, போனவள் பிள்ளை பேசுகிறது. இதைவிட என்ன வேண்டும்?

அந்த ஆட்டோவை நான் அத்தனை வருஷமும் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரேவதி ஏறுவாள், ஆட்டோ கிளம்பும், தேன்மொழி பேசுவாள். என் பொறாமைக்கு நிற்க ஒரு காலாவது இருந்தது.

குமணன்சாவடி

போன வருஷம் ஒரு நாள் ரேவதி போன் செய்தாள். தேன்மொழி பெரிய மனுஷி ஆகியிருக்கிறாள், மஞ்சள் நீராட்டு, கதிரோடு கட்டாயம் வரவேண்டும். கணேசனுக்கு ஷிப்ட். நான் கதிரின் காதில் சத்தம் தடுக்கும் ஹெட்போனை மாட்டி ஆட்டோ பிடித்தேன்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களின் நிழல் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் விழுந்து விழுந்து போனது. பெயரிலேயே பூவை வைத்திருக்கிற ஊர். இப்போது டீசலும் சிமென்ட்டும் பிரியாணியும் மணக்கிறது. கதிர் அத்தனையையும் பிரித்துப் பிரித்து முகர்ந்துகொண்டு வந்தான்.

தெருவை அடைத்துப் பந்தல். தெருமுனையில் தேன்மொழியின் ஃபிளெக்ஸ் பேனர். அவளே மைக்கைப் பிடித்து, “மாமா, சீர்த்தட்டு வச்சவங்க சாப்ட்டு போங்க, சாப்புடாம போனா அம்மா என்னத்தான் திட்டும்” என்று கூவிக்கொண்டிருந்தாள். பந்தலே சிரித்தது. என் நெஞ்சின் இடதுபக்கம் சரியாக வலித்தது.

தண்ணீர் ஊற்றி முடித்து, அவளை அலங்காரத்துக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். பார்லர்ப் பெண் அரை மணி நேரம் கேட்டாளாம். ரேவதியின் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சுற்றி இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மருமகன் பெருமை பேச ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது.

“எம் மருமவன மாரி யாருக்கு வரும்? ரேவதிய மாசமா கீறப்ப ஊட்டுக்குக் கூட்டினு போனேன். நாங்க வந்து எறங்கி ஒரு மணி நேரம் ஆவல, பின்னாடியே மீன்பாடி வண்டில கட்டிலக் கட்டி அனுப்பிக்கீது. எம் பொண்டாட்டி அம்மா ஊட்ல தரைல படுக்கக் கூடாதுன்னு. எங்க தெருவே வேடிக்கை பாத்துது. பெத்துப் பொழைக்கிற வரைக்கும் அதுலதான் படுத்துகினு இருந்தா.”

பெண்கள் சிரித்தார்கள்.

நான் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில், சரக்கு ஏற்றும் அந்த மூன்று சக்கர வண்டியில் கட்டிலும் போயிருக்கிறது. ஆட்டோ போன அதே வழியில் போயிருக்கிறது. பாபு மட்டும் இருந்த வீட்டுக்குள் நான் பிறகு எட்டிப் பார்த்ததில்லை. அதே மூட்டுகள், அதே வெள்ளை, அதே வாசனை. அவள் அந்த மருந்தில் மாசக்கணக்கில் படுத்திருக்கிறாள்.

நிமிர்ந்தேன். வாசல்படியில் ரேவதி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். கதிர் ஹெட்போனுக்கு மேல் கைகளை வைத்து அழுத்திக்கொண்டு முனக ஆரம்பித்தான். ரேவதி வந்து என் தோளைத் தொட்டு, மாடிக்குப் போகலாம், அங்கே சத்தம் குறைவு என்றாள்.

மொட்டைமாடி

மாடியில் தண்ணீர்த் தொட்டி, கொடியில் துண்டுகள், மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று. தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒற்றைக் காலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசல் வேலை செய்த கால். என்னுடையதற்கும் அதே கடைசல்.

“நீ கட்டில் ஆவடிலயே கெடந்துச்சுன்னு நெனச்சுகினு இருந்தியாக்கா?” என்றாள் ரேவதி.

நான் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும். என்னப் பாக்குறப்பல்லாம் நீ கணக்குப் போடுவ. உம் மொகத்துலயே ஓடும். நானும் போட்டேங்கா. எனுக்கு வேற கணக்கு.”

அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கதிரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு நாங்கள் அலைய ஆரம்பித்தபோதே அவளுக்குப் பாட்டில் நினைவு வந்திருக்கிறது. டி.வி.யில் யாரோ டாக்டர் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தேன்மொழியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு சொல் வந்தால் இன்னொரு சொல் வருமா என்று. வந்த சொல் நிற்குமா என்று. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அந்தப் பக்கம் அவள் பயந்து பயந்து எண்ணிய சொல்.

“மொத மொத ‘காக்கா’ன்னுச்சு. அன்னிக்கித்தான் எனுக்கு சோறு எறங்குச்சு. உன்னாண்ட சொல்லணும்னு ஓடியாந்தேன். உன் வாசல் வரைக்கும் வந்துட்டேன். உள்ள நீ ‘கதிரு, கதிரு’ன்னு கூப்ட்டுகினே இருந்த. அது திரும்பலபோல. நான் திரும்பிட்டேன். அப்பால உன் ஊட்டாண்ட வர காலே வரல.”

கட்டிலை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“எடைக்குப் போட்டா எவனாவது நல்ல தேக்குன்னு வாங்கினு போவான். எவளாவது மாசமா கீறவளப் படுக்க வப்பான். இப்ப அதுல மருந்து கெடையாது, எனுக்கும் தெரியும். மனசு கேக்கல.”

எங்கள் கட்டிலை ஃபிளாட் மாறும்போது யாருக்கோ கொடுத்துவிட்டோம். யாருக்கு என்று எனக்கு நினைவில்லை.

கீழே பாட்டு முடிந்து வேறு பாட்டு தொடங்கியது. நான் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றேன். அவள் தப்பித்தாள், நான் மாட்டிக்கொண்டேன் என்பதல்ல. இரண்டு பேரும் ஒரே மரத்தில் கன்னத்தை வைத்துத்தான் படுத்திருந்தோம். அந்த மருந்து கதிரை ஏதாவது செய்ததா, செய்யவே இல்லையா, ஒருத்தியின் வயிற்றில் ஒன்றும் இன்னொருத்தியின் வயிற்றில் வேறொன்றும் செய்ததா, இனி எனக்குத் தெரியப்போவதில்லை. டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. மனத்துக்குள் ஓடிய ஆட்டோ நின்றுவிட்டது. பொறாமை மட்டும் போகவில்லை. பேசுகிற பிள்ளை அவளுக்கு, பேசாத பிள்ளை எனக்கு. அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. காரணம்தான் போனது. தெரபி சென்டர் பெஞ்சில் நானும் இப்போது ஏழை.

பாட்டு மெதுவானது. கதிர் கையை இறக்கினான். தார்ப்பாய் அருகே போய் அதை விலக்கினான்.

நான் ஓடிப்போய் இழுத்திருப்பேன். ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் குனிந்து கட்டிலை முகர்ந்தான். தலைமாட்டில், கால்மாட்டில், மூட்டு மூட்டாக. அந்த மூக்குக்குத் தெரியாத வாசனை இல்லை. ஏதாவது சொல்வான் என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பழைய மரம், புறா எச்சம், வெயில். அவ்வளவுதான் போலிருக்கிறது. தார்ப்பாயைப் பழையபடி இழுத்துவிட்டு எங்களிடம் வந்தான்.

வந்தவன் ரேவதியின் கையை எடுத்தான்.

காலையிலிருந்து மகளுக்கு மஞ்சளும் சந்தனமும் பூசிய கை. அதைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் மூக்கை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். தேன்மொழி இருந்த வயிற்றின் மேல் ஒரு காலத்தில் வைத்திருந்த கை என்று நினைத்தேன். அவன் என்ன நினைத்தானோ.

ரேவதி அசையவில்லை. அவள் கண் நிறைந்து வழிந்தது, துடைக்க இன்னொரு கையைக்கூடத் தூக்கவில்லை. “இன்னாக்கா பண்ணணும்?” என்று மூச்சுக்குள் கேட்டாள்.

ஒன்றும் பண்ணவேண்டாம், சும்மா நில் என்றேன்.

என் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதில் யாருக்கும் வேலை இல்லை. அப்போது நெஞ்சின் இடதுபக்கம் வலித்தது. ஆனால் வழக்கமான வலி இல்லை. பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் ஒட்டிக்கொள்ளும்போது எல்லா அம்மாக்களுக்கும் வருமே, அந்தச் சாதாரணப் பொறாமை. ஊரில் எல்லோருக்கும் கிடைத்து, எனக்கு மட்டும் அதுவரை கிடைக்காமல் இருந்தது.

“போதும்டா கதிரு. அத்தைக்குக் கீழ வேலை கெடக்கு” என்றேன்.

அவன் கையை விடவில்லை.